ஆதிரை மீனும் அறியும் உயிரும்

கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தின் கரையில் முகத்துவாரக்குப்பம் என்னும் வலைஞர் சிற்றூர் உளது. அதன் தெற்கே சில கல் தொலைவில் ஆதிபுரி என்னும் திருவொற்றியூர் விளங்குகின்றது. கழிமுகத்தின் வடபால் அனல்மின் நிலையமும் துறைமுகமும் இரவு முழுதும் விளக்கொளி வீசி நிற்கின்றன. மார்கழித் திங்களின் தொடக்கத்தில், அந்தி கழிந்து இருள் பரவும் வேளையில், அக்கரையில் நின்று கிழக்கே நோக்குவார்க்குச் செந்நிறமுடைய விண்மீன் ஒன்று கடல்விளிம்பினின்றும் மேலெழுந்து வருதல் புலனாகும். அதுவே ஆதிரை. எம்பெருமானுக்கு ஆதிரையான் என்னும் திருப்பெயர் வழங்குதற்கு ஏதுவாய நாண்மீன் அஃதேயாம்.

ஒரு மார்கழி மாலையில் அம்மீனைக் கண்டு யாம் நின்றேமாக, அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் அருகணைந்து உரையாடினார். 2023-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், மிக்சாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தோடு எண்ணெய் பரவிக் கழிமுகமெங்கும் படிந்து, படகும் வலையும் கரி பூசினாற்போல் ஆயின காலத்தை அவர் நினைவுகூர்ந்தார். பின்னர் வானத்தைச் சுட்டி, “ஐயா, அங்கே எண்ணில்லாத சூரியர்கள் உளர் என்று என் பேரன் பாடத்திற் படித்துச் சொல்லுகின்றான். அத்துணைப் பெரிய உலகத்தில், இந்தக் கழியில் வலை வீசி, கிடைத்த நாள் உண்டு கிடையாத நாள் கிடக்கும் எங்கள் வாழ்வு எந்தக் கணக்கில் வரும்?” என வினவினார். இவ்வினாவிற்கு அன்று யாம் கூறிய விடை நிரம்பியதன்று. ஆதலின் சித்தாந்த நூல்நெறி நின்று அதனை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண் வானத்தின் பெருமை இத்தகைத்து என்பது அறியற்பாலது. ஆதிரையை இக்கால வானநூலார் பெட்டல்ஜியூஸ் என வழங்குவர். நம் ஞாயிறு இருக்கும் இடத்தில் அம்மீனை வைப்பின், அதன் உடல் செவ்வாய்க் கோளின் சுற்றுவழியையும் கடந்து பரந்து நிற்கும் என்பர். ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்வது. ஞாயிற்றின் ஒளி நம்மை அடைய 8 நிமிடத்திற்குச் சற்று மிகுந்த காலமே வேண்டும். ஆதிரையின் ஒளி வந்து சேர்தற்கோ ஏறத்தாழ 550 முதல் 720 ஆண்டுகள் வரை ஆகும் எனக் கணித்துளர். அதன் தொலைவு ஏறக்குறைய 700 ஒளியாண்டாயின், இன்று நம் கண்ணிற் படும் அவ்வொளி, சகம் 1235-இல், அஃதாவது கி.பி. 1313-இல், சங்கற்ப நிராகரணம் இயற்றிய உமாபதி சிவாசாரியர் காலத்தை ஒட்டிப் புறப்பட்டதாம். இத்தகைய மீன்கள் நம் பால்வெளி மண்டிலம் ஒன்றில் மாத்திரமே 10,000 கோடிக்குக் குறையாதன உள எனின், ஏனை மண்டிலங்களை என் சொல்வது!

இதனைக் கேட்டார் சிலர், “அண்டத்தின் பெருமைக்கு முன் மனிதன் ஒரு துகளும் அல்லன், ஆதலின் அவன் வாழ்விற்குப் பயன் என ஒன்று இல்லை” எனக் கடாவுவர். அற்றன்று. சிறுமை பெருமை என்னும் அளவு இடத்தை அடைத்து நிற்கும் பூதப் பொருள்கட்கே உரியது. ஆதிரை எத்துணைப் பெரிதாயினும் கண்ணுக்குப் புலனாகும் பொருளேயாம். கண்ணுக்குப் புலனாவது யாதும் பூதங்களின் காரியமேயாம். முப்பத்தாறு தத்துவங்களுள் வைத்து எண்ணுங்கால், நாம் காணும் வானமனைத்தும் அவற்றின் கீழ்ப்பகுதியில் அடங்குவதன்றி மேற்செல்வதன்று. உயிரோ அத்தத்துவங்கள் அனைத்தினும் வேறாயது. நீள அகலங்களான் அளக்கப்படாதது. அளக்கப்படும் பொருளை அளக்கும் பொருளினும் உயர்ந்ததெனக் கொள்ளுதல், நிறுக்கப்பட்ட நெல்லின் மிகுதி கண்டு நிறுப்பானை இழித்துரைத்தல் போலும்.

சென்னை நகரத்து நிகழ்ந்த வரலாறு ஒன்றே இதற்குச் சான்றாகும். 1792-இல் கிழக்கிந்தியக் கும்பினியார் நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினர். அக்காலத்துக் கருவியைத் தாங்கி நின்ற கற்றூண் இன்றும் அவ்விடத்து உளது. அந்நிலையத்து டெய்லர் என்பார் ஏறத்தாழ 11,000 விண்மீன்களின் இடங்களைக் கணித்து 1844-இல் அட்டவணை வெளியிட்டனர். ஆண்டு உதவியாளராய் இருந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், தென்வானத்து ரெட்டிகுலம் என்னும் மீன்கூட்டத்திலுள்ள ஒரு மீனின் ஒளி மிகுதலும் குறைதலும் உடைத்தென்பதனை 1867-இல் கண்டறிந்தார். அம்மீன் எண்ணற்ற காலமாக ஒளி மாறி வந்தும் தன் மாற்றத்தைத் தான் அறிந்திலது. தொலைநோக்கியும் அதனை அறிந்திலது. ஐந்தாறு அடி உடம்பினுள் நின்ற ஓர் உயிரே அறிந்தது. சடமாயது எத்துணை விரிந்தாலும் அறிவாகாது. அறிவுடையது எத்துணைச் சிற்றுடலில் நின்றாலும் சடமாகாது.

அங்ஙனமாயின், அனைத்தையும் அறியும் உயிரே முதற்பொருள் எனக் கொள்ளலாமோ எனின், அதுவும் ஆகாது. சிறுமையெண்ணி மெலிதல் ஒரு பிழை. அறிவின் செருக்கால் தன்னைத் தலைவனெனக் கருதுதல் மற்றொரு பிழை. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உளதேனும், உயிர் உடன்நின்று காட்டினாலன்றி அது காணமாட்டாது. அவ்வாறே உயிருக்கு அறியும் தன்மை உளதேனும், இறைவன் உடன்நின்று அறிவித்தாலன்றி அஃது அறியமாட்டாது என்பது சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரம் உணர்த்தும் உண்மை. அறிவித்தால் அறிவதே உயிரின் இயல்பு. ஆகவே, வானத்தின் வியப்புக் கண்டு நெஞ்சு விரியுங்கால், அவ்விரிவு நம்முடைய செயலன்று. காணும் நமக்குக் காட்டி, தானும் உடன்காணும் பெருமான் ஒருவன் உளன் என்பதற்கு அதுவே அறிகுறியாம்.

இனி, மீன்களும் அழிவன என்பது இக்கால நூலார் தெளிந்த செய்தி. ஆதிரை தன் வாழ்நாளின் இறுதிப் பகுதியில் நிற்பது. இன்னும் ஓரிலட்சம் ஆண்டிற்குள் அது வெடித்துச் சிதறும் என்பது பலர் கருத்து. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல் கப்பலிற் செல்லுங்கால் தொடங்கிய கணக்கின் வழியாக, எரிந்து முடிந்த மீனின் கரு ஞாயிற்றின் நிறையில் ஏறத்தாழ 1.4 மடங்கிற்கு மேற்பட்டால் நிலைநில்லாது என்னும் எல்லையைக் கண்டார். 1983-இல் நோபெல் பரிசும் பெற்றார். பெருமீனின் இரும்புக்கரு அவ்வெல்லை கடந்த அளவில் உள்நோக்கி இடிந்து விழ, மேற்பகுதி வெளியிற் சிதறும். அங்ஙனம் சிதறிய பொருள்கள் புதிய மீன்களும் கோள்களும் ஆகின்றன. நம் குருதியிலுள்ள இரும்பும், எலும்பிலுள்ள சுண்ணமும் ஞாயிறு தோன்றுதற்கு முன் அழிந்த மீன்களில் உண்டானவை.

உலகிற்கு இறுதியைச் செய்பவனே அதற்கு முதல்வன் என்பதும், ஒடுங்கியது மலத்தின் பொருட்டு மீளத் தோன்றும் என்பதும் சிவஞானபோதத்து முதற் சூத்திரத்தின் கருத்தாகலின், இச்செய்தி கேட்டுச் சைவர் மகிழ்தல் இயல்பே. ஆயினும், “விஞ்ஞானிகள் கண்டதனை எம்முன்னோர் முன்னரே கண்டனர்” எனப் பறையறைதல் முறையன்று. மீன் ஒன்றின் அழிவு சங்காரத்திற்கு ஒரு சிறு தோற்றமேயன்றிச் சங்காரமே அன்று. வானநூலார் ‘எவ்வாறு’ என்பதனை ஆராய்கின்றனர், நம் ஆசிரியர் ‘எற்றுக்கு’ என்பதனை ஆராய்ந்தனர். அவ்விடத்துச் சித்தாந்தம் கூறும் விடை ஒன்றே: தனு கரண புவன போகங்கள் அனைத்தும் உயிர்கள் மலநீக்கம் பெறுதற்பொருட்டுத் தரப்பட்டன. மீன் அழிந்து ஈந்த இரும்பு நம் குருதியில் ஓடுவது, அக்குருதியுடைய உயிர் ஈடேறுதற்கே என்க.

ஆதிரை அண்மையில் நமக்கு மற்றொரு பாடமும் கற்பித்தது. 2019-ஆம் ஆண்டின் இறுதி தொட்டு அதன் ஒளி மங்கி, 2020 பிப்ரவரியில் இயல்பான அளவின் மூன்றிலொரு பங்கு என்னும்படி ஆயிற்று. அம்மீன் வெடிக்கும் காலம் வந்ததோ எனப் பலர் ஐயுற்றனர். சில திங்களில் பழைய ஒளி மீண்டது. அம்மீனின் ஒரு பகுதி குளிர்ந்ததனோடு, அது வெளியே உமிழ்ந்த வாயு தூசியாகத் திரண்டு இடைநின்று மறைத்தமையே காரணம் என 2021-இல் விளக்கினர். மறைப்பு வேறு, அழிவு வேறு என்பது இதனாற் பெறப்படும். உயிரின் அறிவு ஆணவத்தால் மறைந்து நிற்பதன்றி அழிந்துபோவதன்று. ஆயின் தூசி மீனினின்றே தோன்றியது. ஆணவமோ உயிரினின்று தோன்றாது அநாதியே உடனுள்ளது. உவமை ஒருபுடை ஒப்பே என்பதனை மறவற்க.

முகத்துவாரக்குப்பத்துக் கரையில் வேறொரு மறைப்பும் உண்டு. ஆறாமீனும் விடிவெள்ளியும் பார்த்துப் பொழுதும் திசையும் தெளிந்த வலைஞர்க்கு, இன்று துறைமுக விளக்குகளின் பரப்பொளியால் பெரிய மீன்கள் சிலவே தோன்றுகின்றன, வான்கங்கை தோன்றுவதேயில்லை. இருள் மறைத்தல் யாவரும் அறிந்தது. ஒளியும் மறைக்கும் என்பது வியப்பன்றோ! மாயையை இருளில் ஏற்றிய விளக்கென்றும், அது விடியும் துணையும் உதவுவதென்றும் நம் சாத்திரங்கள் கூறும். ஆணவ இருள் ஒன்றே நின்ற கேவலத்தில் யாதும் தோன்றாது. மாயையாகிய விளக்குப் பெற்ற சகலத்தில் அருகிலுள்ளன தோன்றும். திருவருள் ஞாயிறு எழுந்த சுத்தத்தில் விளக்கு வேண்டா. விளக்கு வேண்டற்பாலதே, அதனை வெறுத்தல் பேதைமை. ஆனால் விளக்கு காட்டும் வட்டமே உலகம் எனக் கொண்டார்க்கு அவ்விளக்கே வானத்தை மறைக்கும். ஈட்டலும் இழத்தலுமே வாழ்வென்று கொண்ட நெஞ்சு அத்தகையது. மேலும், ஞாயிறு எழுந்தபின் மீன்கள் அழிவதில்லை. பேரொளியில் அடங்கி நிற்கின்றன. முத்தியில் உயிர் இறைவனொடு கலந்து இன்புற்று நிற்குங்காலும் தன் உண்மை கெடுவதின்று என்பது இதனால் விளங்கும்.

“எனின், எங்கள் கழியில் விளைந்த துன்பமும் இறைவனது அருட்செயலோ?” என அப்பெரியவர் வினவக்கூடும். கடற்கண் உள்ள உப்பு நீரைப் பற்றியதன்றி, அந்நீர்க்கு இடமாய வெளியைப் பற்றியதன்று. அவ்வாறே அஞ்ஞானம் உயிரைப் பற்றியதன்றி, உயிர்க்கு இடமாய் நிற்கும் சிவத்தைப் பற்றியதன்று. மனிதர் அசட்டையாலும் அவாவாலும் செய்யும் தீங்கினை இறைவன்மேல் ஏற்றுதலும், “உன் வினை” எனக் கூறித் துன்புற்றாரைக் கைவிடுதலும் சைவநெறி ஆகா. தீங்கு செய்தான் வினை அவனைச் சாரும். துன்பம் கண்டு உதவாதான் வினை அவனையும் சாரும்.

இனி வாழ்வின் பயன் யாதென்பது எளிதிற் பெறப்படும். நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார், நாடோறும் பட்ட மீன்களுள் தலைமீன் ஒன்றனை இறைவற்கென்று கடலில் விடுத்தார். வறுமை மிக்க நாளில் ஒன்றே கிடைத்தும், அது பொன்னும் மணியுமாய்ப் பொலிந்தும், விடுத்தார். திருவொற்றியூர்க் கலிய நாயனார் செக்குத் தொழிலில் ஈட்டிய பொருளால் திருவிளக்கு ஏற்றினார். பொருள் தொலைந்தபின் கூலிக்கு உழைத்து ஏற்றினார். அதுவும் இல்லாத நாளில் தம் குருதியையே எண்ணெயாக வார்க்கத் துணிந்தார். பெருமான் அவர் கையைப் பற்றினான். அவ்விருவரும் உலகத்தின் கணக்கில் சிறியர். ஒரு மீனும் ஓர் அகலும் அவர்க்கு வாழ்வின் பொருளாயின. எண்ணூரிலிருந்து தெற்கே சென்று அவ்வொற்றியூர்த் திருக்கோயிலுட் புகுவார், 27 நாண்மீன்கட்கும் உரியனவாக 27 இலிங்கத் திருமேனிகள் இருத்தலைக் காண்பர். ஆதிரையும் அவற்றுள் ஒன்று. மீன்களும் வழிபடுவனவே என்பது அவ்வமைப்பின் குறிப்பு.

ஆகலின் அன்பரே, வானிலுள்ள ஆதிரையும் கழிக்கரையில் நின்று அதனைக் காணும் வலைஞரும் ஒருவனுக்கே அடிமை. ஆதிரை அதனை அறியாது, வலைஞர் அறியவல்லார். “எம் வாழ்வு எந்தக் கணக்கில் வரும்?” என்று வினவிய அப்பெரியவர் உள்ளமே அக்கணக்கிற்கு விடையாகும், எத்துணை மீன் இருந்தும் வானம் அவ்வினாவை ஒருநாளும் வினவியதில்லை.

திருச்சிற்றம்பலம்.