வாரிசில்லாத கல்லறைகளுக்கு யார் பொறுப்பு?

ஜெர்மனியின் பொதுக் கல்லறைத் தோட்டங்களில் குழி என்பது குத்தகை நிலம். பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுகள்தான் கெடு. அதன்பின் யாரும் புதுப்பிக்காவிட்டால் கல்லை அகற்றி, அதே இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். யூதர்களின் கல்லறைத் தோட்டத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. புதைத்த மண் இறந்தவருக்கே சொந்தம், அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்கிறது அவர்களின் சமயச் சட்டம். இடம் போதாமல் திணறிய பிராகா நகரத்து யூதர்கள்கூடப் பழைய குழிகளைத் தோண்டவில்லை. மேலே மண் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். 1787இல் அங்கே அடக்கம் செய்வது நின்றது. சுமார் 12,000 கற்கள் இன்றும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. உரிமைக்கு முடிவில்லை என்றால் பராமரிப்புக்கும் முடிவில்லை. சமூகம் உயிரோடிருக்கும் ஊரில் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் 1933இல் ஜெர்மனியில் இருந்த சுமார் ஐந்து லட்சம் யூதர்கள் நாஜி ஆட்சியில் துரத்தப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். எஞ்சியவை கேட்பாரற்ற தோட்டங்கள். அவற்றின் பராமரிப்புச் செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 1957இல் வந்தது. இது சலுகை அல்ல, கடன் என்றே நான் கருதுகிறேன்.

ஒரு மதத்தின் கல்லறைக்கு எல்லோருடைய வரிப்பணமா என்று கேட்பவர்கள் உண்டு. வாரிசுகள் தாமாக ஊரைவிட்டுப் போயிருந்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். இங்கே வாரிசில்லாமல் செய்ததே அரசு. ஆளைக் கொன்றுவிட்டு, ‘கெடு முடிந்தது, கட்டணம் கட்ட ஆளில்லை’ என்று நிலத்தையும் எடுத்துக்கொள்ள முடியுமா? செலவுக்கு எல்லையே இல்லையே என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அதற்கு யூதர்களின் வழக்கத்திலேயே விடை இருக்கிறது. அடக்கத்துக்கென்றே உள்ள ‘ஹெவ்ரா கதிஷா’ என்ற குழுவினர் உடலைக் குளிப்பாட்டி, பணக்காரரோ ஏழையோ, ஒரே மாதிரி வெள்ளைக் கோடித்துணி உடுத்துகிறார்கள். ஆடம்பர அடக்கம் ஏழைகளைக் கூனிக்குறுக வைத்த காலத்தில், யூத அறிஞர் ரப்பான் கமாலியேல் தமக்கு எளிய லினன் துணியே போதும் என்று சொல்லி இந்த வழக்கத்தைத் தொடங்கியதாக யூதர்களின் சமய நூலான தல்மூது கூறுகிறது. கல்லறைக்கு வருபவர்கள் பூ வைப்பதைவிடக் கூழாங்கல் வைப்பதே மரபு. (பெர்லினின் வைசென்சே தோட்டத்துப் பளிங்கு மண்டபங்களைப் பார்த்தால், பணம் படைத்தவர்கள் கமாலியேல் பேச்சைக் கேட்கவில்லை என்று தெரியும்.) ஆக, பூந்தோட்டம் போட வேண்டியதில்லை. சுற்றுச்சுவர், பூட்டக்கூடிய கதவு, புல்வெட்டு, விழுந்த கல்லை நிமிர்த்துவது: அரசு ஏற்ற வேலைகளும் ஏறக்குறைய இவைதான்.

எனக்குள்ள குறை வேறு. மழையிலும் பனியிலும் மணற்கல் உதிர்கிறது, எழுத்து மறைகிறது. தனித்தனிக் கற்களைச் சீரமைப்பது இந்த ஏற்பாட்டில் பொதுவாகச் சேர்வதில்லை. எல்லாக் கற்களையும் காப்பாற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பல சிற்றூர்களில் யூதர்கள் வாழ்ந்ததற்குக் கண்முன் இருக்கும் சாட்சி அந்த எழுத்துதான். அதைப் படமெடுத்து, படியெடுத்து வைப்பதையும் புல்வெட்டுக்கு ஒதுக்கும் பணத்தோடு சேர்த்தே ஒதுக்க வேண்டும்.