‘தமிழ்’ - நீளம் 2

மொழிகளின் எல்லையில் - 9

சென்ற வாரம் பைத்தானிலிருந்து சி லைப்ரரிக்கு எண்களை அனுப்பிப் பார்த்தோம். பெரிய தொல்லை இல்லை. முழு எண் அங்கேயும் முழு எண்தான். எத்தனை பைட் என்பது மட்டும் ஒத்துப்போனால் போதும். இந்த வாரம் ஸ்ட்ரிங். பிழைச் செய்தி எதுவும் காட்டாமல், சாதுவாகத் தப்பான விடையைக் கொடுக்கும் புரோகிராம்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

பைத்தானில் சிடைப்ஸ் என்று ஒரு மாட்யூல் உண்டு. 2006-ல் வெளிவந்த 2.5 பதிப்பிலிருந்து பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. அதைக் கொண்டு லினக்ஸில் சி-யின் அடிப்படை லைப்ரரியைத் திறந்து, நீளம் அளக்கும் ஸ்டிர்லென் ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிடலாம். ‘ஹலோ’ என்ற ஆங்கிலச் சொல்லை, பைத்தானில் வழக்கமாக எழுதுவது போலவே மேற்கோளுக்குள் போட்டு அனுப்பிப் பாருங்கள். ஐந்தெழுத்துச் சொல். விடை 1 என்று வரும். ‘தமிழ்’ என்று அனுப்பினால் 2. ‘தமிழ்நாடு’ என்றாலும் 2. ‘திருச்சிராப்பள்ளி’ என்றாலும் அதே 2.

லைப்ரரியில் கோளாறு இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறது.

சி-யில் ஸ்ட்ரிங் என்று தனியாக ஒரு பொருளே கிடையாது. நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரி, அங்கிருந்து வரிசையாகப் பைட்டுகள், எங்கே மதிப்பு பூஜ்யமாக ஒரு பைட் வருகிறதோ அங்கே முடிவு. அவ்வளவுதான். ஸ்டிர்லென் செய்வதும் பூஜ்யம் வரும்வரை எண்ணிக்கொண்டு போவது மட்டுமே. பைத்தானின் ஸ்ட்ரிங்கோ தன் நீளத்தைத் தன்னோடு வைத்திருக்கும் பொருள். எந்த வகைப் பொருள் போகிறது என்று நாம் அறிவிக்காவிட்டால், சிடைப்ஸ் அதை அகல எழுத்து எனப்படும் வடிவத்துக்கு மாற்றி அதன் முகவரியைக் கொடுத்துவிடும். லினக்ஸில் அகல எழுத்து ஒன்றுக்கு நான்கு பைட். ஆங்கிலச் சிறிய ‘எச்’ அங்கே 104, 0, 0, 0 என்று உட்கார்ந்திருக்கும். ஸ்டிர்லென் முதல் பைட்டை எண்ணும், இரண்டாவதில் பூஜ்யத்தைப் பார்க்கும், நின்றுவிடும். நம் ‘த’ 164, 11, 0, 0. ஆகவே இரண்டு. யூனிகோடில் தமிழ் எழுத்துகள் எல்லாமே ஒரே வட்டாரத்தில் இருப்பதால், எந்தத் தமிழ்ச் சொல்லை அனுப்பினாலும் முதல் எழுத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

விண்டோஸில் இதே ஆட்டம் வேறு மாதிரி போகும். அங்கே அகல எழுத்துக்கு இரண்டே பைட். தமிழ் எழுத்தின் இரண்டு பைட்டுகளிலும் பூஜ்யம் இல்லை என்பதால் ‘தமிழ்’ என்பதற்கு 10 என்று விடை வரும். ‘தமிழ் நாடு’ என்று நடுவில் இடைவெளி விட்டு அனுப்பினால் 11. இடைவெளியின் இரண்டாவது பைட் பூஜ்யம். எண்ணிக்கை அங்கே நின்றுபோகும். விண்டோஸில் ஒற்றைச் சொற்களை வைத்து மட்டும் சோதித்துவிட்டு, “ஓடுகிறது” என்று வாடிக்கையாளருக்கு அனுப்பியவர் பாடு கஷ்டம்தான்.

சரியான வழி இரண்டே வேலை. அனுப்பும் முன் ஸ்ட்ரிங்கை யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றுவது ஒன்று. இந்த ஃபங்ஷன் எந்த வகையை வாங்கும், எந்த வகையைத் திருப்பும் என்று சிடைப்ஸிடம் முன்கூட்டியே அறிவிப்பது இன்னொன்று. அறிவித்துவிட்டால், மாற்றாத ஸ்ட்ரிங்கை அனுப்பும்போது பைத்தானே பிழை காட்டி நிறுத்தும். திருப்பும் வகையையும் விட்டுவிடாதீர்கள். சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதைச் சாதாரண முழு எண்ணாக எடுத்துக்கொள்ளும். கெட்என்வ் போன்ற ஃபங்ஷன் திருப்பித் தரும் 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டுப் போகும். அந்த அரை முகவரியைத் தேடிப் போனால் புரோகிராம் படுத்துவிடும்.

இப்போது ஸ்டிர்லென் ‘தமிழ்’ என்பதற்கு 15 என்று சொல்லும். நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்.

முடிவில் ஒரு குறி வைக்கும் இந்த வழக்கம் சி-க்கும் முந்தியது. சி-யின் பாட்டன் முறையான பிசிபிஎல் மொழியில் ஸ்ட்ரிங்கின் முதல் பைட்டிலேயே நீளம் எழுதியிருந்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் அதிலிருந்து ‘பி’ மொழியை உருவாக்கியபோது நீளத்தை எடுத்துவிட்டு, முடிவைக் காட்ட ஒரு தனி எழுத்தை வைத்தார். டென்னிஸ் ரிட்சியின் சி அதே வழியில் போனது. சி பிறந்த கதையை ரிட்சி 1993-ல் ஒரு கட்டுரையாக எழுதினார். நீளத்தை ஒரே பைட்டில் அடக்கினால் ஸ்ட்ரிங்கின் அளவுக்குச் சின்ன உச்சவரம்பு வந்துவிடும் என்பதும், நீளத்தைக் கணக்கு வைத்துக்கொண்டே இருப்பதைவிட முடிவுக் குறி வசதியாக இருந்தது என்பதும் அவர் சொன்ன காரணங்கள். 2011-ல் பால்-ஹென்னிங் காம்ப் என்ற புரோகிராமர், ஒரே ஒரு பைட்டால் நேர்ந்த தவறுகளில் ஆகச் செலவு வைத்தது இதுதான் என்று எழுதினார். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். யூனிக்ஸ் ஓடிய முதல் பிடிபி-11 கணினியில் மொத்த நினைவகமே 24 கிலோபைட். அந்த இடத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவை இன்றைய கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு குறை சொல்வது சுலபம். அதன் பிறகு வந்த நாற்பது ஆண்டுகளில் யாரும் மாற்றவில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

1992 செப்டம்பரில் அதே கென் தாம்ப்சன், ராப் பைக்குடன் நியூஜெர்சி உணவகம் ஒன்றில் உட்கார்ந்து யூடிஎஃப்-8 முறையை வரைந்தார். பூஜ்ய எழுத்தைத் தவிர வேறு எந்த எழுத்தின் பைட்டுகளிலும் பூஜ்யம் வராதபடி அதை அமைத்தார்கள். எழுத்துக்கு மூன்று பைட் எடுத்தாலும் தமிழ் இன்று பழைய சி லைப்ரரிகளுக்குள் வெட்டுப்படாமல் நுழைந்து வெளியே வருவது அதனால்தான்.

நீளம் தெரிந்த மொழியும் பூஜ்யத்தில் நிற்கும் மொழியும் சந்திக்கும் இடத்தில் திருடன் நுழையவும் வழி உண்டு. 2009-ல் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் மாக்சி மார்லின்ஸ்பைக் அதைக் காட்டினார். டான் காமின்ஸ்கியும் தனியாக அதைக் கண்டுபிடித்திருந்தார். இணையதளங்களின் சான்றிதழ்களில் பெயர் நீளத்தோடு எழுதப்படுகிறது. நடுவில் பூஜ்ய பைட் வரலாம், தடை இல்லை. பேபாலின் முகவரி, அடுத்து ஒரு பூஜ்ய பைட், அதற்கு அடுத்து தனக்குச் சொந்தமான தளத்தின் பெயர் என்று எழுதி ஒருவர் சான்றிதழ் கேட்கிறார். கொடுப்பவர் கடைசியில் உள்ள பெயரைப் பார்த்து, சொந்தக்காரர்தான் என்று உறுதிசெய்துகொண்டு கையெழுத்துப் போடுகிறார். பிரவுசருக்குள் இருக்கும் சி நிரல் பூஜ்யம் வரை படித்துவிட்டு, இது பேபாலின் சான்றிதழ் என்று நம்புகிறது. ஃபயர்ஃபாக்ஸ் உட்படப் பல மென்பொருள்களை அவசரமாகத் திருத்த வேண்டியிருந்தது. அதோடு முடிந்ததா? நான்கு ஆண்டுகள் கழித்து, 2013-ல், பைத்தான், ரூபி, பிஎச்பி மூன்றிலும் இதே ஓட்டை இருப்பது தெரியவந்தது.

இன்று கோப்பின் பெயருக்குள் பூஜ்ய பைட் இருந்தால் பைத்தான் கோப்பைத் திறக்கவே மறுக்கும். ரஸ்ட் மொழியில் சி-க்கான ஸ்ட்ரிங்கை உருவாக்கும்போதே இந்தச் சோதனை நடந்துவிடும். ஆனால் சிடைப்ஸ் வழியாக நாமே பைட்டுகளை அனுப்பும்போது யாரும் சோதிப்பதில்லை. வெளியிலிருந்து வந்த ஸ்ட்ரிங் என்றால் அந்தச் சோதனையை நாம்தான் எழுத வேண்டும்.

பூஜ்யத்தைப் போலவே அளவும் தொல்லை தரும். அதற்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு போதும். லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குப் பெயர் வைக்க பிஆர்சிடிஎல் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. முடிவுப் பூஜ்யத்தையும் சேர்த்து 16 பைட்தான் கொள்ளும்; மிஞ்சியதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ‘தமிழ்’ கச்சிதமாக 15 பைட், உள்ளே போய்விடும். ‘தமிழன்’ என்று பெயர் வைத்துவிட்டுத் திரும்பப் படித்தால் ‘தமிழன’ என்று வரும். புள்ளியின் மூன்று பைட்டுக்கு அங்கே இடமில்லை. முன்னால் ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் இன்னும் மோசம்: கடைசி எழுத்தின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் உள்ளே போகும். அதைத் திரும்ப ஸ்ட்ரிங்காக மாற்றும்போது பைத்தான் பிழை காட்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் பயமுறுத்துவது ஸ்ட்ரிங்கின் ஆயுள். ஸ்டிர்லென் போன்றவை வாங்கிய முகவரியைப் பார்த்து வேலையை முடித்துவிட்டு மறந்துவிடும். ஓப்பன்லாக் அப்படி இல்லை. ஒரு புரோகிராம் எழுதும் பதிவுக் குறிப்புகளுக்கு முன்னால் அதன் பெயரைச் சேர்க்கச் சொல்லும் ஃபங்ஷன் அது. பெயரை அது நகலெடுத்துக்கொள்ளாமல், கொடுத்த முகவரியை மட்டும் வைத்துக்கொள்ளக்கூடும் என்று லினக்ஸ் கையேடே எச்சரிக்கிறது. பைத்தானில் யூடிஎஃப்-8-க்கு மாற்றி அந்த இடத்திலேயே அனுப்பினால், ஓப்பன்லாக் முடிந்த அடுத்த கணமே அந்தப் பைட்டுகளைப் பைத்தான் அழித்துவிட உரிமை உண்டு. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவருக்குப் பழைய முகவரியிலேயே கடிதம் போட்டுக்கொண்டிருப்பது போலத்தான். வேறு யாரும் குடிவராத வரை எல்லாம் ஒழுங்காக நடப்பது போலிருக்கும். பதிவில் சரியான பெயரே வரும். சோதனையில் ஓடும். சர்வரில் வேலை கூடும்போது பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத எழுத்துகள் வரும், அல்லது புரோகிராமே விழும்.

தீர்வு மிகச் சின்னது. மாற்றிய பைட்டுகளைப் புரோகிராம் முடியும்வரை உயிரோடிருக்கும் ஒரு மாறியில் வைத்துவிட்டு, பிறகு அனுப்ப வேண்டும். பைத்தானுடன் வரும் சிஸ்லாக் மாட்யூலின் மூலநிரலைத் திறந்து பாருங்கள், அங்கேயும் பெயரைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். எந்த ஃபங்ஷன் முகவரியை வைத்துக்கொள்ளும், எது மறந்துவிடும் என்பது அதன் அறிவிப்பைப் பார்த்தால் தெரியாது. இரண்டுக்கும் அறிவிப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். கையேட்டின் குறிப்புப் பகுதியைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

இதுவரை நாம் அனுப்பிய ஸ்ட்ரிங்கைப் பற்றிப் பேசினோம். சி லைப்ரரி நமக்குத் திருப்பிக் கொடுக்கும் ஸ்ட்ரிங்கை யார் விடுவிப்பது, எப்போது விடுவிக்கக் கூடாது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் ஸ்டிர்லென் சோதனையை உங்கள் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விடை 2 வருகிறதா, 10 வருகிறதா என்று எழுதுங்கள்.

(தொடரும்)