ராணுவக் குடியிருப்பில் குடிநீர்: சந்தேகங்களும் விளக்கங்களும்

கலசப்பாக்கம், ஆரணி பக்கத்தில் தறியை நம்பிய குடும்பங்களைப் போலவே பட்டாளத்தை நம்பிய குடும்பங்களும் உண்டு. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். மகனுடைய குவார்ட்டர்ஸில் தங்கிவிட்டு வரும் பெற்றோருக்கு, அமெரிக்க முகாமில் தண்ணீரே நஞ்சான செய்தி கவலை தருவது நியாயம்தான்.

அந்த முகாமில் என்ன நடந்தது?

வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் முகாமில் 1953 முதல் 1987 வரை, பத்து லட்சம் பேர் வரை மாசுபட்ட நீரைக் குடித்திருக்கலாம் என்பது கணக்கு. எந்திரங்களில் படியும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் டிரைகுளோரோஎத்திலீன், 1982இல் லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம் வரை இருந்தது. இன்று அங்கே அனுமதிக்கப்படும் அளவு வெறும் 5. குடும்பங்கள் வசித்த பகுதிக்கு வேறொரு நஞ்சு, வெளியே இருந்த சலவைக் கடையிலிருந்து வந்தது. பட்டுப்புடவையை டிரை வாஷ் செய்யப் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன்தான் அது. 1982இலேயே சோதனையில் தெரிந்தும், மிக மோசமான கிணறுகளை மூடி முடிக்க 1985 பிப்ரவரி வரை ஆயிற்று. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் குடித்த தண்ணீரில் இந்தத் தாமதத்துக்கு மன்னிப்பே கிடையாது.

என்ன நோய்கள் வரும்?

சிறுநீரகம், கல்லீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள், ரத்தப் புற்றுநோய், பார்கின்சன் ஆகியவற்றை அமெரிக்க அரசே இந்த நீரோடு தொடர்புபடுத்தி உதவித்தொகை தருகிறது. கலிபோர்னிய முகாம் ஒன்றில் இருந்தவர்களைவிட இங்கிருந்த வீரர்களுக்குப் பார்கின்சன் வரும் வாய்ப்பு 70 சதவீதம் கூடுதல் என்று 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. குடித்த எல்லோருக்கும் வந்துவிடாது. அளவும் ஆண்டுகளும் வயதும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

டிடிஎஸ் மீட்டர் 150 காட்டினால் நல்ல தண்ணீர்தானே?

இல்லை. இந்த நம்பிக்கைதான் எனக்குப் பெரிய கவலை. ஆர்.ஓ. விற்க வருபவர் டம்ளரில் முக்கிக் காட்டும் அந்தக் கருவி, நீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து உப்பைக் கணிக்கிறது. மேலே சொன்ன இரண்டு கரைப்பான் ரசாயனங்களும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. கருவி காட்டும் மிகச் சிறிய எண்ணே ஒரு மில்லிகிராம். ஐந்து மைக்ரோகிராம் அதில் இருநூற்றில் ஒரு பங்கு. நிறமும் தெரியாது. இந்த அளவில் வாசனையும் வராது.

காய்ச்சிக் குடித்தால்?

கிருமிக்குத்தான் அது மருந்து. இந்தக் கரைப்பான்கள் ஆவியாகி அடுப்படிக் காற்றில் கலக்கும், மூச்சில் உள்ளே போகும். குரோமியமோ, விமானத்தளத் தீயணைப்பு நுரையில் உள்ள பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்களோ இருந்தால், நீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடும்.

முகாமுக்கு வெளியே இருப்பவர்களுக்கு?

ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் குரோமியக் கழிவு மலைபோல் கிடந்து நிலத்தடி நீரில் இறங்கியது. அந்தப் பகுதியினரும், சாயத் தொட்டி நீரை வாய்க்காலில் விடும் தெருவில் போர் போட்டிருப்பவர்களும் சோதிப்பது நல்லது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தின் வழக்கமான சோதனை கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட் போன்றவற்றையே பார்க்கும். குரோமியத்தையும் கரைப்பான்களையும் பெயர் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும்; அங்கே வசதி இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகம். கரைப்பான் சோதனைக்கு அவர்கள் தரும் கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழ் இல்லாமல் தளும்ப நிரப்பி, ஐஸில் வைத்துக் கொடுங்கள்.