கிணறு வெட்டிய காட்டுமனிதர்

அமெரிக்கக் காடுகளைக் காக்கக் குரல் கொடுத்த ஜான் மியூர் பிறந்தது ஸ்காட்லாந்தில், 1838-இல். எட்டுப் பிள்ளைகளில் மூன்றாமவர். அப்பா கண்டிப்பான பக்திமான். அடிக்குப் பயந்தே புதிய ஏற்பாட்டை முழுக்க மனப்பாடம் செய்தான் பையன்.

1849-இல் குடும்பம் விஸ்கான்சினில் குடியேறியது. அங்கே 90 அடிக் கிணறு வெட்டும் வேலை ஜானின் தலையில் விழுந்தது. மேலே பத்தடி போக மிச்சமெல்லாம் மணற்பாறை. மூன்றடி அகலக் குழிக்குள் தனியாகக் குந்தி, சுத்தியும் உளியுமாக மாதக்கணக்கில் கொத்தினார். எண்பதடி ஆழத்தில் ஒருநாள் கரியமில வாயு தாக்கி மயங்க, வாளியில் வைத்துத் தூக்கினார்கள். ஓரிரு நாளில் திரும்பவும் குழிக்குள் இறக்கிவிட்டார் அப்பா! ஒரே ஆறுதல், இம்முறை தண்ணீரை வீசியும், வைக்கோல் கட்டைக் கயிற்றில் ஏற்றி இறக்கியும் விஷக்காற்றை விரட்டியிருந்தார்கள்.

அப்பா இவ்வளவு கண்டிப்பு காட்டியும் கடவுள் நம்பிக்கையை மியூர் விடவில்லை. ஆனால் மலைகளையே தேவாலயம் என்றார். 1892-இல் இயற்கையைக் காக்க சியரா கிளப் என்ற அமைப்பைத் தொடங்கிய அவரோடு, 1903-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் யோசமிட்டி காட்டில் மூன்று இரவுகள் திறந்தவெளியில் படுத்துறங்கினார். 1906-இல் யோசமிட்டி பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவோடு சேர்ந்தது.