கல்முனையில் பத்தரை, கட்டாரில் எட்டு: சேர்வர் எதை நம்புகிறது?

கட்டாரில் இருப்பவர் காலை 8 மணிக்குச் சேர்வரில் ஏற்றிய கோப்பு கல்முனையில் 10.30 என்று காட்டினால் அது சரி. 11 என்று காட்டினால்? உடனே கடிகாரத்தைத் திருத்தத்தான் கை போகும். ஆனால் பிழை பெரும்பாலும் நேர வலயத்தில் இருக்கும். நெல் எந்த அளவில் வந்தாலும் ஆலைக் கணக்கில் கிலோவாக ஏறுவதுபோல, சேர்வர் எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரமாக மாற்றி வைக்கிறது; காட்டும்போதுதான் அவரவர் வலயத்துக்குத் திருப்புகிறது.

2006 ஏப்ரலில் இலங்கை, உலகப் பொது நேரத்துடனான ஆறு மணி நேர வித்தியாசத்திலிருந்து ஐந்தரைக்கு வந்தது. பழைய விதியையே வைத்திருந்த கணினியில் முள்ளை மட்டும் 10.30க்குத் திருப்பினால் திரை சரியாகத் தெரியும். ஆனால் கணினி அதிலிருந்து ஆறைக் கழித்து 4.30 என்று அனுப்பும். உண்மையில் அது 5.00. கட்டாரில் 8க்குப் பதில் 7.30 தெரியும். ஆகவே முதலில் வலயத்தைப் பாருங்கள், பிறகு தானியங்கி நேர ஒத்திசைவை.

வலயம் எதற்கு, ‘ஐந்தரை’ என்று எண்ணை மட்டும் பதிந்தால் போதாதா? போதாது. 1996 மேயில் இலங்கை ஆறரைக்கு மாறியது, அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறுக்கு இறங்கியது. 1997இன் பதிவொன்றை ஐந்தரையால் கணக்கிட்டால் அரை மணி பிசகும். ‘ஆசியா/கொழும்பு’ என்ற வலயப் பெயருக்குள் இந்த மாற்றங்கள் அனைத்தும் திகதியோடு அடங்கியிருக்கின்றன.