பேணல், பழுதுநீக்கல், தரமுயர்த்தல்: அணுக்கரு இணைவுக் கூடத்தில் மூன்று சொற்கள்



சில ஆண்டுகளுக்கு முன் அணுக்கரு இணைவு பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதினேன். ஆய்வுக் கருவியொன்றில் நிகழ்ந்த பணிகள் அனைத்தையும் ‘சீரமைப்பு’ என்னும் ஒரே சொல்லால் குறித்திருந்தேன். அதைப் படித்த மாணவி ஒருத்தி, “ஐயா, அந்தக் கருவி பழுதாகிவிட்டதா, பழையதாகிவிட்டதா?” என்று கேட்டாள். என் சொல்லில் அதற்கு விடை இல்லை. அவ்வினாவே இவ்வுரைக்குத் தோற்றுவாய்.

இவ்வேறுபாட்டை நம் தோட்ட வாழ்வு நன்கறியும். பால்மரம் சீவுவோர் கத்தியை நாள்தோறும் தீட்டினர், அது பேணல். கைப்பிடி உடைந்தால் புதுப்பிடி போட்டனர், அது பழுதுநீக்கல். லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு இருந்த இடத்தில் மின்விளக்கு வந்தது, அது தரமுயர்த்தல். முதலாவது இருக்கும் நிலையைக் காக்கிறது. இரண்டாவது இழந்த நிலையை மீட்கிறது. மூன்றாவது முன்பில்லாத திறனைச் சேர்க்கிறது. ‘மேம்பாடு’ என்றும் கூறலாமே எனில், அச்சொல் நம் நாட்டில் வட்டார வளர்ச்சி, பொருளாதார வளர்ச்சி ஆகியவற்றுக்கு நிலைபெற்றுவிட்டது. பள்ளிகளையும் சாலைகளையும் ‘தரம் உயர்த்தினர்’ என்றே நாம் எழுதுகிறோம். அதுவே கருவிக்கும் பொருந்தும்.

இனி, இணைவு ஆய்வுக்கூடத்துக்குள் செல்வோம். ஹைட்ரஜனின் கனத்த வடிவங்களான டியூட்டீரியம், டிரிட்டியம் ஆகியவற்றின் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகும்போது பேராற்றல் வெளிப்படுகிறது. இதற்குப் பத்துக்கோடிப் பாகை அளவிலான வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் வாயு மின்னூட்டமுள்ள துகள்களாகப் பிரிந்து பிளாஸ்மா ஆகிறது. அதைக் காந்தப்புலத்தால் சுவரில் படாமல் நிறுத்திவைக்கும் வளையவடிவக் கருவிக்கு டோக்காமாக் என்று பெயர்.

கருவியின் கலத்துள் சிறிதளவு காற்றோ ஈரமோ புகுந்தாலும் பிளாஸ்மா குளிர்ந்துவிடும். ஆதலால் கலத்தைச் சூடேற்றிச் சுவரில் ஒட்டிய ஈரத்தை அகற்றுகின்றனர். வெளியே ஹீலியத்தைத் தெளித்து, அது உள்ளே புகுகிறதா என்று அளந்து, கண்ணுக்குப் புலப்படாத கசிவையும் தேடுகின்றனர். இவை பேணல். கண்டறிந்த கசிவை அடைப்பது பழுதுநீக்கல்.

தரமுயர்த்தலுக்கு இந்தியாவில் நல்ல சான்று உண்டு. குசராத்தின் காந்திநகர் அருகேயுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் ‘ஆதித்யா’ டோக்காமாக் 1989இல் இயங்கத் தொடங்கியது. அதன் கலம் சதுரக் குறுக்குவெட்டு உடையது. கால் நூற்றாண்டு உழைத்தபின் அதைப் பிரித்து, வட்டக் குறுக்குவெட்டுள்ள புதிய கலத்தைப் பொருத்தினர். பிளாஸ்மாவின் விளிம்பை வடிவமைக்கும் புதிய சுருள்களையும் சேர்த்தனர். வளையக் கலத்தைச் சுற்றி நின்ற 20 பெருங்காந்தச் சுருள்களோ, சோதித்துச் செப்பனிடப்பட்டு மீண்டும் பயன்பட்டன. ‘ஆதித்யா-யு’ எனப் பெயர்பெற்ற அக்கருவி 2016 டிசம்பரில் முதல் பிளாஸ்மாவைத் தந்தது. பழுதானதால் கலத்தை மாற்றவில்லை. பழைய கலத்தால் ஆராய இயலாத வினாக்கள் எழுந்ததால் மாற்றினர். மாணவிக்கு நான் தந்திருக்க வேண்டிய விடை இதுவே.

இங்கிலாந்தின் கல்ஹாமிலிருந்த ‘ஜெட்’ கருவி மற்றொரு சான்று. 1997இல் டிரிட்டியச் சோதனைகள் நடந்தபின் கலத்தின் உட்புறம் கதிரியக்கம் கொண்டது. எனவே உட்பணிகளைத் தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரக் கைகளிடம் ஒப்படைத்தனர். கலத்தின் உட்சுவரில் பதித்திருந்த கரி ஓடுகள் டிரிட்டியத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டதால், 2009க்கும் 2011க்கும் இடையில் அவற்றை அகற்றிப் பெரிலியமும் டங்ஸ்டனும் பதித்தனர். ஓடுகள் உடையவில்லை, அவற்றின் தன்மை அடுத்த கட்ட ஆய்வுக்குப் பொருந்தவில்லை. 1997இல் ஒரு சோதனையில் ஏறத்தாழ 22 மெகாஜூல் இணைவாற்றல் கிடைத்தது. புதிய சுவருடன் 2021இல் 59 மெகாஜூல் கிடைத்தது.

நம் நாட்டுக்கும் இத்துறையில் ஓர் இடமுண்டு. 1980களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லீ சிங் தலைமையில், ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்காகச் சிறிய பிளாஸ்மாக் குவிப்புக் கருவி ஒன்று உருவாக்கப்பட்டது. 15 கிலோவோல்ட்டில் ஏற்றப்படும் ஒரே மின்தேக்கியால் இயங்கும் அதன் ஆற்றல் ஏறத்தாழ 3 கிலோஜூல். டியூட்டீரியம் நிரப்பினால் நொடியின் மிகச்சிறு பகுதியில் அதனுள் இணைவு நிகழும். அது மின்சாரம் தருவதற்கன்று, கற்பதற்கு. பயிற்சி பெற்றோர் அக்கருவியைத் தம் நாட்டில் நிறுவித் தாமே பேண வேண்டும் என்பதே நோக்கம். கருவி எளிமையாக அமைந்ததற்குக் காரணமும் அதுவே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் பாடத்தில் ‘சீரமைத்தனர்’ என்று வருமிடத்தில், மூன்றில் எது என்று மாணவரைக் கேளுங்கள். விடை தேடும் மாணவர் கருவியின் வரலாற்றைத் தேடுவார். அவர் கண்ட விடையைச் சொல்லத் தமிழில் மூன்று சொற்கள் ஆயத்தமாக இருக்கட்டும்.