கல்லாக மாறிய கூரைவீடு

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் மிகச் சிறியது திரௌபதி ரதம். நான்கு சுவர், ஒரு வாசல், நாலாபுறமும் வளைந்து இறங்கும் கூரை. ஓலை வேய்ந்த குடிசையின் வடிவத்தைப் பல்லவர் காலத்துத் தச்சர்கள் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். இந்த ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் தொடர்பில்லை. பெயர்களெல்லாம் பிற்காலத்து மக்கள் வைத்தவை. இந்தச் சிறு கோயில் கொற்றவைக்கு உரியது.

பாறையைத் தங்கள் விருப்பப்படி வளைக்கத் தெரிந்தவர்கள் எதற்காக ஓர் ஓலைக்கூரையைச் செதுக்க வேண்டும்? அதுவரை தெய்வங்கள் குடியிருந்தது அத்தகைய வீட்டில்தான். விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குடைவரை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததை அங்குள்ள கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. முந்தைய கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன என்பது அந்தப் பெருமிதத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது.

மரமும் ஓலையும் மறைந்தன. அவற்றின் வடிவம் மறையவில்லை. தென்னாட்டுக் கோயிலின் பெரும்பாலான உறுப்புகள் ஒரு காலத்தில் மரவீட்டில் ஏதோ ஒரு வேலை செய்தவை. மலை, உடல், உலகம் என்று நாம் சொல்லும் பொருள்களெல்லாம் அந்த உறுப்புகளின் மேல் ஏறி நிற்பவை. கட்டடத்தைப் பார்க்கப் பழகினால் அதன் குறியீடும் விளங்கத் தொடங்கும்.

அடியிலிருந்து முடிவரை

கருவறையும் அதன்மேல் எழும் கட்டுமானமும் சேர்ந்ததே விமானம். அதற்கு ஆறு உறுப்புகள்: அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், தூபி. இவற்றை மனித உடலாகவே சிற்ப மரபு காண்கிறது. அதிட்டானம் அடி, பிரஸ்தரம் தோள், கிரீவம் கழுத்து, சிகரம் தலை, உச்சியில் தூபி.

முதலில் அதிட்டானம். தரையை ஒட்டி ஜகதி, அதன்மேல் குமுதம், பிறகு கண்டம், பட்டிகை என்று வரிவரியாகக் கல் ஏறும். குமுதம் உருண்டு திரண்டிருந்தால் வட்டக் குமுதம், பட்டை தீட்டியிருந்தால் பட்டைக் குமுதம். கட்டடத்தின் பாரத்தைப் பரப்பித் தாங்குவதும், மண்ணின் ஈரத்திலிருந்து சுவரை உயர்த்திப் பிடிப்பதும் இதன் வேலை. பல கோயில்களில் ஊர்க் கல்வெட்டுகள் இந்த வரிகளிலேயே வெட்டப்பட்டிருக்கும்.

அடுத்தது சுவர். அதில் வரிசையாக நிற்கும் அரைத்தூண்கள் பெரும்பாலும் பாரம் தாங்குவதில்லை. பாரம் சுவரின் மேல் இறங்குகிறது. மரச்சட்டத்தில் தூண் நின்ற இடத்தைக் கல்லிலும் விடாமல் காட்டியிருக்கிறார்கள். தூணின் தலையில், உத்திரத்தைத் தாங்குவதுபோல நீண்டிருக்கும் கை போதிகை. கோயிலின் காலத்தை ஊகிக்க இது நல்ல துணை. அலையலையாகச் சுருண்டிருந்தால் தரங்கப் போதிகை. பல்லவர் காலத்தில் அதைப் பரவலாகக் காணலாம். சரிவாக வெட்டி நடுவில் ஒரு முனையை நீட்டிவிட்டிருந்தால் வெட்டுப் போதிகை, சோழர் கையெழுத்து. அந்த முனை பூமொட்டாகக் கீழே தொங்கினால் விஜயநகர, நாயக்கர் காலத்துக்கு வந்துவிட்டோம்.

சுவருக்கு மேலே பிரஸ்தரம். அதில் வெளியே வளைந்து நீளும் கபோதம் பழைய கூரையின் இறவாரம். மழைநீரைச் சுவரிலிருந்து தள்ளிவிடுவது அதன் பணி. கபோதத்தில் இடைவெளி விட்டுக் குதிரைலாட வடிவில் தெரிபவை கூடுகள். வில்லாக வளைத்த மூங்கிலோ மரமோ தாங்கிய கூரையின் முகப்புத் திறப்பை அவை நினைவூட்டுகின்றன. பல்லவர் கூடுகளுக்குள் கந்தர்வர் தலை எட்டிப் பார்க்கும். கூட்டின் உச்சி மண்வெட்டித் தலைபோல் விரிந்திருக்கும். சோழர் காலத்தில் அந்த உச்சியில் சிங்கமுகம் வந்து அமர்ந்தது. கபோதத்தின் கீழே பூதகணங்கள் வரிசையாக ஆடும். மேலே யாளிகளின் தலைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். மேல்தளத்தைத் தாங்கிய மர விட்டங்களின் முனைகள் சுவருக்கு வெளியே நீண்டிருந்த இடம் அது. விட்டத்தின் நுனி கல்லில் யாளியாக உயிர்பெற்றது.

வீடுகளின் மேல் வீடுகள்

தர்மராஜ ரதத்தை அண்ணாந்து பார்த்தால், ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் குட்டிக் கோயில்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மூலையில் இருக்கும் சதுர வடிவச் சிறு கோயில் கர்ணகூடம். நடுவில் நீண்ட வண்டிக்கூரையோடு இருப்பது சாலை. சில விமானங்களில் இரண்டுக்கும் இடையே பஞ்சரம் என்ற ஒடுங்கிய வடிவமும் வரும். இவற்றைச் சேர்த்து ஆரம் என்பார்கள். அதற்கு மேல் சற்றே குறுகிய அடுத்த தளம். அதற்கும் ஓர் ஆரம். உச்சியில் கிரீவமும் சிகரமும் சேர்ந்து ஒரு தனி வீடாக நிற்கும்.

ரதங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் இந்த இலக்கணம் தெளியும். திரௌபதி ரதம் தனிக்குடிசை. அர்ச்சுன ரதத்தில் அது இரண்டு தளமாகிறது. தர்மராஜ ரதத்தில் மூன்று. பீம ரதம் நீள்சதுரம், அதற்குச் சாலைக் கூரை. நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகாக வளைகிறது; தூங்கானை மாடம் என்று பெயர் பெற்ற வடிவம் அது. பக்கத்திலேயே ஒற்றைக்கல்லில் ஒரு யானையையும் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பின்னாலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே வளைவாகத் தெரியும். பெண்ணாடத்துச் சிவன்கோயிலுக்குத் தேவாரம் வழங்கும் பெயரும் திருத்தூங்கானைமாடம்தான்.

தஞ்சையில் எழுந்த மேரு

இந்த இலக்கணத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனது தஞ்சைப் பெரியகோயில். முதலாம் ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், விமானத்தின் தூபிக்கு வைக்கச் செப்புக்குடம் கொடுத்ததைக் கல்வெட்டு பதிவு செய்கிறது. அந்த ஆண்டு 1010. பதின்மூன்று தளங்களோடு ஏறத்தாழ 60 மீட்டர் உயரம் எழுந்தது இந்த விமானம். கட்டியவர்களின் பெயரும் கல்லில் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன், அவரோடு நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன்.

இவ்வளவு உயரமான விமானம் உள்ளே வெற்றிடம். கருவறையைச் சுற்றி இரண்டு தடித்த சுவர்கள்; அவற்றுக்கு நடுவே உள்சுற்று. கீழ்த்தளத்து உள்சுற்றில் சோழர் ஓவியங்கள், மேல்தளத்தில் நாட்டிய கரணச் சிற்பங்கள். 108 கரணங்களில் 81 செதுக்கப்பட்டன. மீதி 27க்கான கற்கள் வெறுமையாக நிற்கின்றன. மேலே போகப் போக ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்தள்ளி அடுக்கப்பட்டு, நாலு பக்கமும் மெல்ல நெருங்கி உச்சியில் கூடுகின்றன. வளைவும் இல்லை, இரும்பும் இல்லை. கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிறுத்துகிறது.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும், சிகரம் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றும் சொல்வார்கள். நிழல் எல்லாக் கட்டடங்களையும் போலவே விழுகிறது. சிகரம் பல கற்களை இணைத்துக் கட்டியது. இந்தக் கதைகள் இல்லாமலே பெருந்தச்சரின் சாதனை பெரியது. மலையே இல்லாத காவிரிச் சமவெளிக்குக் கருங்கல்லை வெகுதூரத்திலிருந்து கொண்டுவந்து, 60 மீட்டர் உயரம்வரை பிசகாமல் அடுக்கி, ஆயிரம் ஆண்டு நிற்க வைத்திருக்கிறார்கள்.

அங்கு எழுந்தருளியிருந்த திருமேனிகளில் ஒன்றின் பெயர் தட்சிணமேரு விடங்கர். விமானத்தைத் தென்திசை மேருமலையாகவே சோழர்கள் கண்டார்கள். மலை என்ற அந்த எண்ணத்துக்குக் கட்டடத்திலேயே ஆதாரம் இருக்கிறது. உள்ளே மூலவர் இருக்கும் இடம் சதுரமான இருண்ட குகை. வெளியே அடுக்கடுக்காகச் சிறு கோயில்கள் நிறைந்த மலைச்சரிவு. இருட்டில் உருவமற்ற லிங்கமாக இருப்பவர், வெளிச்சுவரில் பல திருவுருவங்களாக வெளிப்படுகிறார். ஒன்று பலவாகப் பெருகும் தத்துவத்தை உறுப்புகளைக் கொண்டே சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வெளிப்பாட்டுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலான சிவன்கோயில்களில் வலம் வரும்போது தெற்கே விநாயகரும் தட்சிணாமூர்த்தியும், மேற்கே லிங்கோற்பவரும், வடக்கே பிரமனும் துர்க்கையும் சுவர்க் கோட்டங்களில் காட்சி தருவார்கள். வடசுவரின் அடியில் கோமுகை; உள்ளே அபிஷேகம் செய்த நீர் அதன்வழி வெளியேறும். நடப்பவருக்குத் திசை சொல்வதும் தத்துவம் சொல்வதும் ஒரே சுவர்தான்.

கோபுரம் உயர்ந்த கதை

தஞ்சையில் விமானம்தான் உயரம்; கேரளாந்தகன் திருவாசலும் ராஜராஜன் திருவாசலும் அதற்குக் கட்டுப்பட்டு நிற்கின்றன. பின்னாளில் இது தலைகீழானது. பாடல் பெற்ற பழைய கருவறையை இடித்துப் பெரிதாக்க எவரும் துணியவில்லை என்பது அறிஞர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று. அதனால் புதிய கட்டுமானமெல்லாம் சுற்றுகளாகவும் வாசல்களாகவும் வெளிநோக்கி வளர்ந்தது. சிதம்பரம், திருவண்ணாமலை, மதுரைக் கோபுரங்கள் அப்படி எழுந்தவை. திருவரங்கத்து ராஜகோபுரம் 1987இல் நிறைவு பெற்றது.

கோபுரம் ஒரு வழியின் மேல் நிற்பதால் அது நீள்சதுரம். ஆகவே அதன் தலையில் சாலைக் கூரை, வரிசையாகப் பல கலசங்கள். பீம ரதத்தில் நாம் பார்த்த அதே கூரை. விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரே தூபி. பெரிய கோபுரங்களில் அடித்தளங்கள் கல். மேல்தளங்கள் பாரம் குறைய செங்கல்லும் சுதையும்.

தெரிந்தால்தான் காக்க முடியும்

திருப்பணியின்போது பல ஊர்களில் தரையை உயர்த்தி, ஜகதியையும் குமுதத்தையும் புதிய தளத்துக்குள் புதைத்துவிட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்கை நீக்க மணலைப் பீய்ச்சியதில் கல்வெட்டெழுத்துகள் மழுங்கின. சுதைச் சிற்பங்களின் நுணுக்கம் பளபளக்கும் எனாமல் பூச்சுக்குள் போயிற்று. செய்தவர்களில் பலர் பக்தியோடு செய்தவர்கள். அந்த வரிக்கு ஒரு பெயரும், அந்தக் கூட்டுக்கு ஒரு காலமும், அந்த எழுத்துக்கு ஊரின் நிலமும் நீரும் பற்றிய ஒரு செய்தியும் இருப்பதை அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

அதனால், அடுத்தமுறை உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போகும்போது, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு விமானத்தை ஒருமுறை நிதானமாகச் சுற்றுங்கள். குமுதம் வட்டமா பட்டையா, போதிகை எந்த வகை, கபோதத்தில் எத்தனை கூடு என்று கேளுங்கள். கோட்டங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊரில் நாலு பேர் இந்தப் பெயர்களைச் சொல்லப் பழகிவிட்டால், அடுத்த திருப்பணிக் கூட்டத்தில் குமுதத்தைப் புதைக்காதீர்கள் என்று சொல்ல நாலு குரல் இருக்கும்.